காவடியின் மேல் சுற்றிய மயில்

அக்கா,

நேற்று அப்பாவின் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போயிருந்தேன். அது பாடாமல் போய் ஒரு வாரம் ஆகிறது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். இதே ரேடியோதான் வேண்டுமாம். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய், பூக்கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒயர் விட்டுப் போச்சு ஆன்டி. பத்து நிமிஷம் லா, உக்காருங்க," என்று சொல்லி, ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கினார். கம்பி ஈயத்தில் பட்டதும் ஒரு நூல் அளவு புகை எழுந்தது.

அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே வந்து நின்றேன். நம் கிள்ளான் வீட்டுச் சமையலறைதான் கண்ணுக்குள் வந்தது. உன்னிடம் ஈயம் பற்றவைக்கும் கம்பி ஏது? அப்பாவின் ஸ்க்ரூ டிரைவரை அம்மாவின் அடுப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி அதையே வைத்துக்கொண்டு வேலையை முடிப்பாய். அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் புகையை வெளியே விரட்ட, நான் ஈர டவலைச் சுழற்றிக்கொண்டு நிற்பேன்.

நீ போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. உன்னை நினைக்காத நாளே இல்லை என்று மற்றவர்கள் எழுதுவதைப்போல நானும் எழுதலாம். உண்மை அதுவல்ல. உன்னை நினைக்காமல் இருக்கத்தான் நான் பாடுபட்டேன். உறவுக்காரர்கள் வந்தால் உன்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறார்கள். அமைதியானவள், இருக்குமிடம் தெரியாதவள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்கிறார்கள். கேட்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். நீயா அமைதியானவள்? அவர்கள் பார்த்தது பதினைந்து வயதுக்குப் பிறகான அக்காவை. அதற்கு முன்பு இருந்தவளை எனக்குத்தான் தெரியும். அவளை அமைதியாக்கியது யார் என்பதும் எனக்குத்தான் தெரியும்.

தேங்காய் துருவிய சைக்கிள் நினைவிருக்கிறதா? அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சக்கரத்தின் நடுவில் அம்மாவின் துருவியைக் கட்டினாய். நான் கையால் பெடலைச் சுற்ற வேண்டும், நீ தேங்காய் மூடியைப் பிடிக்க வேண்டும். அம்மாவின் தோள்வலி அன்றோடு தீர்ந்துவிடும் என்றாய். நான் சும்மா சுற்றுவேனா, மூச்சுப் பிடித்துச் சுற்றினேன். மூடி உன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்கின் தகரக் கூரையில் விழுந்து, உருண்டு, அவர் காயப்போட்டிருந்த வெள்ளைத் தொழுகை உடையின் மேல் போய் உட்கார்ந்தது. மக்சிக் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்து, "வானத்துல இருந்து தேங்கா விழுது, என்ன அதிசயம்," என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். அம்மா இரண்டு பேரையும் விளாசினாள். அடி முடிந்த பிறகு நீ அழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஏன் பறந்தது என்று யோசிக்க ஆரம்பித்தாய்.

அதன் பிறகு மழை மணி. கிள்ளானில் சாயங்காலம் ஆனால் மழை, அம்மாவின் துணியெல்லாம் நனையும். துணி கிளிப்பின் இரண்டு பல்லிலும் ஒயரைச் சுற்றி, நடுவில் ஒரு சீனிக்கட்டியை வைத்தாய். மழை பெய்தால் சீனி கரையும், கிளிப் மூடும், சமையலறையில் மணி அடிக்கும். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடப் போகிறது என்று காத்திருந்தோம். சுள்ளென்று வெயிலடித்த ஒரு மத்தியானம் அது அலறியது. அம்மா போட்டது போட்டபடி ஓடிவந்து காயாத துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நீ மட்டும் துணிக்கொடியின் அருகே போய்க் குனிந்து பார்த்தாய். சீனியை எறும்பு தின்றிருந்தது. நோட்டில் 'எறும்பு' என்று ஒரே வார்த்தை எழுதி அடிக்கோடு போட்டாய். நான் கோபத்தில் அந்தக் கிளிப்பைத் தூக்கி எறியப் போனபோது கையைப் பிடித்து, "ஏன் கெட்டுப்போச்சுன்னு பாக்காம எதையும் தூக்கிப் போடாதடி," என்றாய்.

ரம்புத்தான் மரத்திலிருந்து கோழிக்கூடு வரைக்கும் அப்பாவின் லோரிக் கயிற்றைக் கட்டி, அதில் என்னைத் தொங்கவிட்டு இறக்கியதையும் சொல்லவேண்டும். என் தாடையில் மூன்று தையல். தழும்பு இன்னும் இருக்கிறது. அப்பா பெல்ட்டை உருவிக்கொண்டு வந்து, யார் வேலை என்று கேட்டார். கயிற்றில் ஏறுவேன் என்று அடம்பிடித்தது நான். ஆனால் நீ முன்னால் வந்து, "செஞ்சது நான். அடி எனக்குத்தான்," என்று கையை நீட்டினாய். இதை எழுதும்போது கூசுகிறது. நீ அப்படி. நான் எப்படி என்பதுதான் இந்தக் கடிதம்.

எனக்குப் பத்து வயதில் டெங்கி வந்தது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைக்கமாட்டேன் என்றே நினைத்துவிட்டார்களாம். அப்பா முருகனுக்கு வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து நடந்தால் வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்காவடி எடுக்கிறேன் என்றார். நான் எழுந்து நடந்தேன். அப்பா விரதம் இருந்தார், செருப்பில்லாமல் லோரி ஓட்டினார், தரையில் படுத்தார். வீட்டில் மீனும் கோழியும் நின்றுபோயின. அந்த நாட்களில்தான் உனக்கு டெக்னிக்கல் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் படிவப் பரீட்சையில் நீ வாங்கிய மதிப்பெண்ணுக்கு அவர்களாகவே கூப்பிட்டிருந்தார்கள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கவேண்டும், மோட்டார், மின்சாரம், வரைபடம் எல்லாம் சொல்லித்தருவார்கள். நீ அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாய். அப்பா தாடியைத் தடவிக்கொண்டே, "பொம்பளப் புள்ள ஹாஸ்டல்ல எப்படி," என்று இழுத்தார். பிறகு, "சரி, தைப்பூசம் முடியட்டும். கையெழுத்துப் போடறேன்," என்றார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நீ அப்பாவின் காவடிக்கு மயில் செய்தாய். மற்றவர்கள் காவடியில் மயில் சும்மா நிற்கும், அப்பா காவடியில் அது சுற்ற வேண்டும். பிஸ்கட் டின்னை வெட்டி உடம்பு, காவடிச் சாமான் கடையில் வாங்கிய இறகில் வால், பழைய கேசட் பிளேயரிலிருந்து மோட்டார், உடைந்த மேசை விசிறியிலிருந்து பல்சக்கரம். பேட்டரிப் பெட்டியில் நான்கு இடம் இருந்தது. நீ இரண்டு பேட்டரியைப் போட்டு, மற்ற இரண்டு இடத்தில் வெள்ளித்தாள் சுற்றிய குச்சியை வைத்தாய். நோட்டில் இரண்டு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தாய். நான்கும் போட்டால் என்ன என்று கேட்டேன். "மயில் ஆடணும்டி, பறக்கக் கூடாது," என்றாய்.

முதல் நாள் சாயங்காலம் ஹாலில் சுற்றிக் காட்டினாய். மெதுவாக, ஒரு மூச்சுக்கு ஒரு சுற்று. வால் கொஞ்சம்கூட ஆடவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நீ செஞ்சதா? நல்லாருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா பார்த்தாள், மக்சிக் வந்து பார்த்தார், எல்லாரும் உன்னைத்தான் பார்த்தார்கள். காவடி எனக்காக. சாகப் பிழைக்கக் கிடந்தது நான். என் தைப்பூசத்தில் எல்லாரும் உன்னைப் பார்க்கிறார்களே என்று எனக்குப் பொசுபொசுவென்று வந்தது. பொறாமை என்று அப்போது பெயர் தெரியாது, இப்போது தெரிகிறது. அப்பாவின் டார்ச் லைட்டிலிருந்து இரண்டு பேட்டரியை உருவி என் துணிப்பையில் போட்டு வைத்தேன். மயில் கிறுகிறுவென்று சுற்றினால் கூட்டமே திரும்பிப் பார்க்கும், இது யாருக்கான காவடி என்று கேட்கும், என்னைக் காட்டுவார்கள் என்று ஒரு நினைப்பு.

அன்று இன்னொன்றும் நடந்தது. நீ என்னைக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "எனக்கு வந்துருச்சு," என்று காதில் சொன்னாய். வீட்டில் தெரிந்தால் உன்னைக் காவடிப் பக்கமே விடமாட்டார்கள். மயிலைக் காவடியில் பூட்ட உன்னை விட்டால் ஆள் கிடையாது. "சாமிக்கு இதெல்லாம் ஒண்ணுமில்லடி. யார்கிட்டயும் சொல்லக் கூடாது," என்றாய். நான் உன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் காலையில் பத்துமலை ஆற்றங்கரையில் அப்பா குளித்து, மஞ்சள் வேட்டியோடு நின்றார். உறுமி மேளம் காதைப் பிளந்தது. நீ மயிலைப் பூட்டிவிட்டு, ஊக்கு வாங்க அத்தையிடம் போனாய். நான் பெட்டியைத் திறந்து, இரண்டு குச்சியையும் எடுத்து எறிந்துவிட்டு, டார்ச் லைட் பேட்டரிகளைப் போட்டு மூடினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மயில் சுற்றியது. ஐயோ, என்ன வேகம் அது. "டேய், அந்த மயில பாரு," என்று ஆட்கள் திரும்பினார்கள். நீ மட்டும் முகம் சுருங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாய். உன் உதடு அசைந்தது, சுற்றை எண்ணினாய் என்று இப்போது புரிகிறது. அப்பாவை நிறுத்தச் சொல்ல முடியாது, அவருக்கு அருள் வந்திருந்தது. கோயில் நுழைவு வளைவைத் தாண்டியதும் யாரோ ஒரு பக்தர் காவடியின் மேல் மாலை போட்டார். மாலையின் நூல் மயிலின் அச்சில் சுற்றிக்கொண்டது. காவடி ஒரு பக்கமாக இழுத்தது. மயில் பிய்த்துக்கொண்டு வந்து அப்பாவின் புருவத்தில் அடித்தது. அப்பா முட்டி போட்டு விழுந்தார். இரண்டு சொம்பு பாலும் தார்ச்சாலையில் கொட்டியது.

மேளம் நின்றுவிட்டது. அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று அழுதாள். எனக்கான பால் அல்லவா கொட்டிப்போனது. அப்பாவின் முகத்தில் ரத்தம். அத்தை குங்குமத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நீ அப்பாவைப் பார்த்தாய், அவர் எழுந்து உட்கார்ந்ததும் தரையில் கிடந்த மயிலை எடுத்தாய். எப்போதும் செய்கிறதைத்தான் செய்யப் போனாய். ஏன் என்று பார்க்கப் போனாய். உன் விரல் பேட்டரிப் பெட்டியின் மூடியில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "அத்தே, அக்காவுக்கு நேத்தே வந்துருச்சு. சொல்லாம தொட்டுச்சு," என்றேன்.

அத்தை உன் கையிலிருந்து மயிலைப் பிடுங்கினாள். "தொடாத. இன்னும் தொடாத," என்றாள். அப்பாவைப் பெற்றவள்போல் வளர்த்த மூத்த அக்காள் அவள், யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. மயிலும் மோட்டாரும் பெட்டியும் குப்பை மூட்டையோடு போயின. நீ என்னைப் பார்த்தாய். நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்பா உன்னை அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. அடித்திருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய பள்ளிப் படிவத்தை மேசைமேல் வைத்தாய், அது அங்கேயே கிடந்தது. கடைசி நாளன்று நீ போய் நின்றபோது, "எம் புள்ள உசுருக்கு வேண்டுனது. அதுல போயி…" என்றார், முடிக்கவில்லை. அதோடு டெக்னிக்கல் பள்ளி போயிற்று. அதன் பிறகு எனக்கு லேசாக இருமல் வந்தாலும் அம்மாவின் கண் உன் பக்கம் திரும்பும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது உன்னால் என்ற பயத்தோடு நீ எத்தனை வருடம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் நீ விடும் மூச்சு எனக்குக் கேட்கும். அப்போதும் நான் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. தைப்பூசம் முடிந்த வாரம் மின்சாரம் போனது. அம்மா டார்ச் லைட்டை எடுத்தாள், எரியவில்லை. திருகிப் பார்த்தாள், உள்ளே காலி. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி யாரிடம் கேட்பது.

நீ ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்து ஷா ஆலம் தொழிற்சாலையில் சேர்ந்தாய். யாரோ வரைந்த படத்துக்கு யாரோ செய்த மின்சுற்றுப் பலகையில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கல்யாணமாகிப் பூச்சோங்குக்குப் போனாய். உன் வீட்டில் நான் கவனித்த ஒன்று உண்டு. ரைஸ் குக்கர் கெட்டால் கடைக்குக் கொடுப்பாய். மணிக்கூடு நின்றால்கூட அத்தானைத்தான் பேட்டரி மாற்றச் சொல்வாய். ஒரு தடவை, நீயே பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "நான் தொட்டா சரியா வராதுடி," என்றாய். தீட்டு என்று அவர்கள் சொன்னதை நீயும் நம்பிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று முப்பது வருடத்தை ஓட்டிய சாமர்த்தியக்காரி நான்.

நீ கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு மத்தியானம் அத்தான் குடிக்க மைலோ வாங்கக் கீழே போயிருந்தார். மருந்து ஏற்றும் மெஷின் கத்த ஆரம்பித்தது. நான் நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, "குழா எங்கயாச்சும் மடிஞ்சிருக்கும், பாரு," என்றாய். உன் முழங்கைக்கு அடியில் மடிந்துதான் கிடந்தது. நிமிர்த்தியதும் கத்தல் நின்றது. "இன்னும் கண்டுபிடிக்கிறியே," என்றேன். நீ சிரித்து, "இதெல்லாம் ஒரு வேலையா? செய்யணும்னு செஞ்சது ஒண்ணும் உருப்படலையே. அந்த மயில் ஒண்ணு போதாதா," என்றாய்.

அப்போது சொல்லிவிட்டேன். பேட்டரி, குச்சி, டார்ச் லைட், பொறாமை, நீ மூடியைத் திறக்கப் போனதும் நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும். அழுதுகொண்டே சொன்னதால் பாதி விழுங்கிப் போயிருக்கும். நீ கேட்டது ஒன்றுதான்.

"நாலும் போட்டியா?"

"ஆமாக்கா."

நீ கண்ணை மூடினாய். போர்வையின் மேல் உன் விரல் அசைந்தது. "மூணு வோல்ட்டுக்குப் போட்டது. ஆறு ஏத்துனா வேகம் ரெண்டு மடங்கு. நூல் சுத்தும்தான்," என்று முணுமுணுத்தாய். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என் கணக்கு சரி," என்றாய். உன் கண்ணோரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. நான் துடைக்க வந்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

தீட்டு என்று ஊர் உன்னைச் சொல்ல வைத்துவிட்டேனே, மன்னித்துவிடு என்று கையைப் பிடித்தேன். "அது கெடக்கு. அத நான் என்னைக்குடி நம்புனேன்?" என்றாய். "வால் கனம் கூடிப்போச்சு, நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சேன். எத்தனை தடவ திருப்பித் திருப்பிப் போட்டேன் தெரியுமா. சரியாத்தான் வந்துச்சு. ஆனா அப்பா மூஞ்சில ரத்தம் வந்துச்சே, எங்கயோ தப்பு இருக்கணுமேன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் என் புத்திய நானே நம்பல."

அக்கா, முப்பது வருடமும் நான் தவறான பாவத்துக்காக அழுதிருக்கிறேன். ஊர் உன்னைச் சொன்ன சொல்தான் உன்னை முடக்கியது என்று நினைத்திருந்தேன். உன்னை முடக்கியது உன் கணக்கின் மேல் உனக்கு வந்த சந்தேகம். அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு முறை பார்த்திருந்தால் போதும். காரணம் தெரிந்திருந்தால் என்னை இரண்டு சாத்து சாத்திவிட்டு அடுத்ததைச் செய்யப் போயிருப்பாய். அந்த ஒரு பார்வையைத்தான் நான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தாய். நான் தினமும் வந்தேன். கஞ்சி ஊட்டினேன், தலை வாரினேன், நீ என் வேலையைப் பற்றிக் கேட்டாய், அத்தானுக்கு மாத்திரை எடுத்து வைக்கச் சொன்னாய். மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "அதெல்லாம் அப்புறம். மொதல்ல அப்பாகிட்ட சொல்லு. மயில நான் சரியாத்தான் செஞ்சிருந்தேன், பேட்டரிதான் காரணம்னு சொல்லு," என்றாய். சரி என்றேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தாங்கமாட்டார், சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாள் நீ மறுபடியும் கேட்டாய். "சொல்லிட்டியா?" நான் தலையாட்டினேன். அக்கா, அது பொய். கடைசியாக உன்னிடம் சொன்னதும் பொய்யாகப் போயிற்று.

உன் முதல் வருடப் படையலன்று சொந்தமெல்லாம் வீட்டில் கூடியிருந்தது. உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, யாரோ கேட்டதற்கு, "நல்ல புள்ள. தைப்பூசத்துலதான் புத்தி கெட்டுத் தொட்டுட்டா," என்றார். உன் படத்தின் முன்னாலேயே சொன்னார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பா, அது அக்கா இல்ல, நான்," என்றேன். அவருக்குக் காது மந்தம். "என்னா?" என்றார். குரலை உயர்த்தினேன். "என்னா?" என்றார். கடைசியில் கத்த வேண்டியிருந்தது. "பேட்டரிய மாத்துனது நான்பா. அக்கா சரியாத்தான் செஞ்சிருந்துச்சு." அப்பா என் முகத்தையே பார்த்தார். புருவத்தில் இருக்கும் அந்த வெட்டுத் தழும்பை விரலால் தடவினார். பிறகு எழுந்து அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. உனக்குத் தெரியாது, அப்பாவுக்கு இப்போது ஞாபகம் தங்குவதில்லை. பழையது எல்லாம் அப்படியே இருக்கிறது, நேற்றுச் சொன்னது இன்று இல்லை. அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அவ மட்டும் அன்னைக்குத் தொடாம இருந்திருந்தா," என்று ஆரம்பித்தார். நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து, முதலிலிருந்து, கத்திச் சொன்னேன். அவர் அதே மாதிரி என் முகத்தைப் பார்த்தார், அதே மாதிரி தழும்பைத் தடவினார். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. ஒரு நாள் பேசாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார், யாருக்கு என்ன நஷ்டம். ஆனால் அந்த ஒரு ஞாயிறு நான் சும்மா இருந்தால், அந்த வாரம் முழுக்க நீ மறுபடியும் குற்றவாளி. அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் முதல் தடவை கேட்பதுபோல் நொந்துபோகிறார். நான் மட்டும்தான் பழகிப்போகாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

இன்றும் ஞாயிறு. சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தார், நானும் சொன்னேன். ஆனால் இன்று தழும்பைத் தடவிய பிறகு அவர் எழுந்து போகவில்லை.

"அவகிட்ட சொன்னியா?" என்றார்.

"சொன்னேம்பா."

"என்னா சொன்னா?"

"உங்ககிட்ட சொல்லச் சொன்னாப்பா."

அப்பா மடியில் இருந்த துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு, "பூச்சோங்லதான இருக்கா. ஒரு போன் போட்டு வரச் சொல்லு. நான்தான் அவகிட்ட ஒரு வார்த்த பேசணும்," என்றார்.

நீ போய்விட்டாய் என்று அவரிடம் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரிப்பா, சொல்றேன்," என்றேன். முன்பு உன்னிடம் ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்டு ஏமாற்றியவள் நான். இந்தத் தடவை அப்படி விடக்கூடாது என்றுதான் அவர் தூங்கியதும் உட்கார்ந்து எழுதினேன். அக்கா, அப்பா உன்னை வரச் சொன்னார்.